படகு இன்ஜினுக்குப் புளி கரைத்தேன்

என் கல்யாணத்தின்போது எங்கள் வீட்டார் பெண் வீட்டாரிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள். அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. "பையன் மில்லுல மெசினுப் பக்கம் இருக்கறானுங்க" என்றார் என் பெரியப்பா. நான் மெசினுப் பக்கம்தான் இருந்தேன். கோயம்புத்தூரில் அந்த மில்லின் இன்ஜின் ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன்.

ஃபிட்டர்கள் சீட்டு எழுதிக் கொண்டுவந்தால் சாமானை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாஷர், வால்வு, பெல்ட் ஊக்கு, கிரீஸ் டப்பா, எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை எங்கே மாட்டுவார்கள் என்று கேட்டால் கண்ணைத் திறந்துகொண்டும் சொல்லத் தெரியாது. ஆனால் பெயர்கள் தெரியும் அல்லவா? இருபத்திரண்டு வயதில், புது மோதிரம் போட்ட கையை ஆட்டி ஆட்டி ஒருவன் பிஸ்டன், கேஸ்கட் என்று பேசினால் கேட்பவர்கள் அவனை எங்கேயோ தூக்கி வைத்துவிடுகிறார்கள். என் மாமனார் ஊரில் நான் இன்ஜினீயர் மாப்பிள்ளை. அதை மறுக்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பங்கள் கிடைத்தன. ஒன்றையும் நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மில்லுகளுக்கெல்லாம் பைக்காரா மின்நிலையத்திலிருந்து கரண்ட் வர ஆரம்பித்திருந்த காலம் அது. கல்யாணம் முடிந்து வந்த முதல் தை மாதத்தில், மனைவி நாச்சம்மாளோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே பவானி ஆற்றங்கரையில் அவருக்குப் பாக்குத் தோட்டம். தோட்டத்தின் கடைசி வரப்பில் நின்றால் காலடியில் ஆறு. அக்கரையிலும் கொஞ்சம் வாழை போட்டிருந்தார். போய்வரப் பரிசல் இருந்தது. பரிசல் ஓட்ட மாரப்பன் இருந்தான். அது போதாதென்று மாமனார் ஒரு படகும் வைத்திருந்தார்.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுப்போன சின்ன மரப்படகு. அதன் பின்பலகையில் திருகி மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு இன்ஜின். மேலே உருண்டைத் தலை, நடுவில் நீளக் கழுத்து, அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி. தலையில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். (அப்படி இழுக்கும்போது பின்னால் ஆள் நிற்கக் கூடாது. நான் முதல் தடவை இழுத்தபோது மாமனார் நின்றார். அவர் மூக்கு இரண்டு நாள் வீங்கியிருந்தது. "பரவாயில்லீங்க மாப்பிள்ளெ, சளி புடிச்சிருந்துது" என்றார். அவ்வளவு மரியாதையான மனிதர்.)

அந்த இன்ஜின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஆற்றில் ஓட்டி முடித்ததும் சேறு ஒட்டியிருக்குமே என்று, அதைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து, ஒரு இரும்புப் பீப்பாயில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அதன் விளிம்பில் மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிடுவார். இன்ஜினைக் குளிப்பாட்டுவது என்று வீட்டில் இதற்குப் பெயர். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் குளிப்பாட்டியிருந்தார்.

அப்படிப்பட்ட இன்ஜினுக்குத்தான் சீக்கு வந்திருந்தது. கிளம்பி ஐந்து நிமிஷத்தில் தலை அடுப்பு மாதிரி காய்ந்துவிடும். இருமும், முக்கும், நின்றுவிடும். ஆற வைத்தால் மறுபடி ஐந்து நிமிஷம். அடுத்த புதன்கிழமை என் கொழுந்தியாள் தங்காத்தாளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு அக்கரை. வண்டி கட்டிப் பாலத்தைச் சுற்றி வந்தால் அரை நாள் ஆகும். பரிசலில் ஏற்றிவர மாமனாருக்கு மனசில்லை. படகை அனுப்பி, இன்ஜின் சத்தத்தோடு அழைத்துவர வேண்டும் என்று ஆசை. அந்த வீட்டார் பஸ் வைத்திருப்பவர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ஏறுகிற பஸ். அவர்கள் முன்னால் தாமும் ஒரு இன்ஜின் வைத்திருக்கிற ஆள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

இதை அவர் என்னிடம் நேரடியாகச் சொல்லவில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் பார்க்க முடியுமா, மாப்பிள்ளைக்குச் சிரமமாக இருந்தால் வேண்டாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்கு முன்பே நான் தலையாட்டிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கண்டுபிடித்தது சரி. இன்றைக்கு வரைக்கும் அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த இன்ஜின் ஆற்றுத் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி, தலையைச் சுற்றி ஓடவிட்டு, பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே பீய்ச்ச வேண்டும். அதுதான் அதற்குக் குளிர்ச்சி. நான் ஓட்டிப் பார்த்தபோது துளையிலிருந்து மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக வந்தது. துளைக்குள் விரலை விட்டால் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, கெட்டியாகப் படிந்திருந்தது. அதே வெள்ளையை அன்று காலையில்தான் குளிக்கும்போது வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் பார்த்திருந்தேன். பாறையில் வெட்டிய கிணறு. தண்ணீர் அத்தனை உப்பு. இரண்டு வருஷம் மாமனார் பாசத்தோடு குளிப்பாட்டியதில் இன்ஜினின் நரம்பெல்லாம் அடைத்துப்போயிருந்தது.

இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அவர்தான் அதற்கு விஷம் வைத்தார் என்று நான் சொன்ன மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தில் நான் மயங்கிக் கிடந்தேன்.

மருந்து என்ன? மில்லில் ஃபிட்டர்கள் இப்படிப் படிந்த உப்பை ஏதோ ஒரு திராவகம் ஊற்றிக் கரைப்பார்கள். திராவக ஜாடி எந்த அலமாரியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும் (வடக்குச் சுவர், அடித்தட்டு, எலிப்பொறிக்குப் பக்கத்தில்). எவ்வளவு ஊற்றுவார்கள் என்று தெரியாது. தவிர, ஜாடி கோயம்புத்தூரில் இருந்தது. அப்போதுதான் சமையல்கட்டு வாசலில் நாச்சம்மாள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. குடத்தில் படிந்த வெள்ளை அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. புளிப்புதானே விஷயம் என்று எனக்குப் பொறி தட்டியது.

மாமியாரிடம் புளி கேட்டேன். எவ்வளவு என்றார். பானையோடு கொடுங்கள் என்றேன். புது மருமகன் கேட்டதை இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வருஷத்துக்கு வாங்கி அடைத்து வைத்திருந்த புளியில் பாதி, கொட்டையும் நாருமாக, பீப்பாய்க்குள் போயிற்று. அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். கலக்குவதற்குக் கரண்டி எட்டவில்லை. படகில் கிடந்த துடுப்பை எடுத்துவந்து கலக்கினேன். தோட்டத்து ஆட்கள் பாக்கு உரிப்பதை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நான் இன்ஜினைப் பீப்பாய் விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெற்றியை நான் கண்டதில்லை. பீப்பாய் நுரைத்தது. என் புது வேட்டியும் முன்வரிசையில் நின்றவர்களும் புளியில் நனைந்தோம். துளையிலிருந்து முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி ஒரு கோடு, பிறகு வெள்ளைச் செதில் செதிலாகத் துப்பிக்கொண்டு விரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாமனார் கையைக் கூப்பிவிட்டார். கும்பிட்டது என்னையா இன்ஜினையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அதோடு நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டி, நல்ல ஆற்றுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு மணி நேரத்துக்கே இவ்வளவு பலன் என்றால், விடியும் வரை ஊறினால் எவ்வளவு இருக்கும். இன்ஜினை நிறுத்தி, அப்படியே புளித்தண்ணீரில் ஊற விட்டுவிட்டு, திரும்பி நடந்தேன்.

"ஏனுங்க, அலசலீங்களா?" என்று நாச்சம்மாள் மெதுவாகக் கேட்டாள். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் உடனே அலச வேண்டும், இல்லாவிட்டால் பச்சை பூக்கும் என்றாள். இது பாத்திரம் இல்லை, மெசின் என்று சொன்னேன். சொன்ன குரல் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை வழியில் பார்த்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன்.

இன்னொரு காரியமும் அன்றைக்கே செய்தேன். மாரப்பன் பரிசலைத் துறையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்குப் படகுக்குத் துணையாக வரட்டுமா என்று கேட்டான். இனிமேல் உனக்கு ஆற்றில் வேலை இல்லை மாரப்பா, போய் உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டு வா என்று பெருந்தன்மையாக விடை கொடுத்தேன். அவன் சிறுமுகையில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள், புதன்கிழமை காலை, இன்ஜினைப் பீப்பாயிலிருந்து எடுத்து நேராகப் படகில் மாட்டினேன். நானும் மாமனாரும் அக்கரைக்குக் கிளம்பினோம். பாதி தூரம் ஆற்றின் போக்கோடு போனதால் இன்ஜினுக்குச் சிரமமே இல்லை. துளையிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் காப்பி நிறத்தில் இருந்தது. பழைய அழுக்கு வெளியேறுகிறது என்று மாமனாருக்கு விளக்கினேன். அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார்.

அக்கரையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அப்பாவின் அக்கா, அதாவது மாப்பிள்ளைக்கு அத்தை, அப்புறம் மாப்பிள்ளை. அத்தை நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான பார்வை. அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு என்று ஏற்கெனவே எங்களுக்குச் சேதி வந்திருந்தது. மாப்பிள்ளை சென்னியப்பன் ஒல்லியான ஆள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அழைத்து வந்திருப்பார்கள் போலிருக்கிறது, கும்பிட்டதோடு சரி. பஸ் முதலாளி வீட்டுப் பிள்ளை, ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவனாக இருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஐந்து பேர். ஆற்றை எதிர்த்து ஏற வேண்டும். இன்ஜின் முக்க ஆரம்பித்தது. நான் அத்தைக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்டோரில் இருந்த அத்தனை சாமான்களின் பெயரும் வந்துவிட்டன. (படகு இன்ஜினில் பெல்ட் ஊக்கு கிடையாது. அதையும் சொன்னேன்.) சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. துளையையே பார்த்துக்கொண்டு வந்தான். துளையில் கோடாக வந்த தண்ணீர் நூலாயிற்று, நூல் சொட்டாயிற்று, பிறகு புஸ்ஸென்று ஆவி. ஆவியோடு ஒரு வாசம் எழுந்தது. வெந்த புளியின் வாசம், கமகமவென்று, படகு முழுக்க.

அத்தை மூக்கை நிமிர்த்தினார். கரை இன்னும் இருபது முப்பது கஜம் இருந்தது.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல இப்பவே ரசம் கூட்டியாச்சுங்களா?" என்று என் மாமனாரைக் கேட்டார்.

"இருக்குமுங்க" என்றார் மாமனார். அவர் கண் மட்டும் என் பக்கம் வந்து போயிற்று.

துறையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொம்பில் தண்ணீரோடு மாமியார், பக்கத்தில் நாச்சம்மாள், பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்கள் முகம் தெரிகிற தூரம் வந்ததும் இன்ஜின் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு அப்படியே இறுகி நின்றது. படகு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பின்னோக்கிப் போக ஆரம்பித்தது.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" என்று மாமியார் கரையிலிருந்து கேட்டார்.

"வாரோம்" என்றார் மாமனார். படகு போய்க்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளெ, துடுப்பு எங்கீங்க?" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

துடுப்பு தோட்டத்தில், பீப்பாயில், புளிக்குள் நின்றுகொண்டிருந்தது.

கீழே கொஞ்ச தூரத்தில் ஆறு குறுகிப் பாறைகளுக்கு நடுவே இரைச்சலோடு இறங்கும். தண்ணீர் குறைந்த தை மாதமானாலும் அந்த இடத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். அந்த இரைச்சல் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. அத்தை இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது செய்ய வேண்டும். சூடானால் ஆற்ற வேண்டும், அவ்வளவுதானே? படகில் கிடந்த சொம்பை எடுத்து ஆற்றில் முக்கினேன்.

"சூட்டோட ஊத்தாதீங்க" என்றான் சென்னியப்பன். அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. அதற்குள் நான் ஊற்றிவிட்டேன். ணங் என்று ஒரு சத்தம் வந்தது, கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி. இன்ஜினின் தலையில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல்.

சென்னியப்பன் சட்டையைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மார்பு வரை ஆழம். படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, காலால் பாறையைத் தடவித் தடவி, ஆற்றுக்கு நடுவில் இருந்த ஒரு பாறைத் திட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். நான் சொம்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கித் தள்ளலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. திட்டில் படகு முட்டிய பிறகு வந்தது.

அந்தத் திட்டில் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது. கொக்கு ஒன்று எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் மாமனார் பாறையில் துண்டை விரித்து, உட்காருங்கள், உட்காருங்கள் என்று உபசரித்தார். கொடுப்பதற்கு ஆற்றுத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அதை அள்ளிக் கொடுத்தார். அவர்களும் குடித்தார்கள்.

சென்னியப்பன் இன்ஜினைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, இடுப்பில் இருந்த பேனாக் கத்தியால் அடிமூடியின் திருகுகளை எடுத்தான். அவன் விரல் நகங்களுக்குள் கருப்பாக எண்ணெய் ஏறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். டிக்கெட் கிழிக்கிற கை இல்லை அது. மலை ஏறுகிற பஸ்ஸை ஓட்டுவதும் அவன்தான், நடுவழியில் நின்றால் அவிழ்த்துப் பூட்டுவதும் அவன்தான் என்று அவன் அப்பா சொன்னார். மூடிக்குள்ளிருந்து ஊறிப் பருத்த புளிநார் வந்தது. வெள்ளைச் செதில்கள் கத்தையாக வந்தன. கடைசியாக, தண்ணீர் ஏறுகிற குழாயின் வாயில் மூடி போட்ட மாதிரி பொருந்தி உட்கார்ந்திருந்த ஒன்றைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான். புளியங்கொட்டை.

"நாங்களும் ரேடியேட்டருக்குப் புளிதானுங்க ஊத்தறது" என்றான் மெதுவாக. "வடிகட்டி ஊத்துவோம். அப்பறம் நாலு தடவை நல்ல தண்ணி உட்டு அலசுவோம்."

அவன் குத்திக்காட்டவில்லை. ஒரு ஃபிட்டர் இன்னொரு ஃபிட்டரிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. மாமனார் அந்தப் பக்கம் விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, மாட்டைத் தடவிக்கொடுக்கிற மாதிரி இன்ஜினைத் தடவிக்கொண்டிருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் மெசின் வேலை ஒன்றும் தெரியாதவன், ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க மாப்பிள்ளெ" என்றார். "பொண்ணு குடுக்கறதுக்கு முந்தியே மில்லுல போயி விசாரிச்சுபோட்டுத்தான் வந்தேன்."

அப்புறம் ஏன் என்னிடம் இன்ஜினைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் விரிசலிலிருந்து கையை எடுத்தார். "நீங்க அத்தனை நம்பிக்கையாப் பேசுனீங்களா, கல்யாணத்துக்கப்பறம் படிச்சுபோட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க."

அந்த நேரத்தில் ஆற்றின் வளைவில் பரிசல் தெரிந்தது. மாரப்பன்தான் சிறுமுகையில் இருந்தானே, யார் ஓட்டுகிறார்கள் என்று எழுந்து நின்று பார்த்தோம். பரிசலின் முன்னால் என் மனைவி நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது தங்காத்தாள். காலையிலிருந்து அலங்காரம் செய்து உட்கார வைத்திருந்த பெண். பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தோட்டத்துக்குக் கட்டுகிற நூல் புடவையை வரிந்து கட்டி, தலையில் வைத்த பூவோடு, நான் கரைத்த புளியில் ஊறிய அந்தத் துடுப்பால் ஆற்றை இழுத்துக்கொண்டு வந்தாள். வட்டமான பரிசல் தெரியாதவன் கையில் பம்பரமாகச் சுற்றும். அவள் கையில் அது கயிற்றில் பிடித்த கன்று மாதிரி வந்து திட்டை ஒட்டி நின்றது.

பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பெண் முழங்கால் வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சம்பந்தம் போயிற்று, என்னால் போயிற்று என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அத்தை பாறையில் இருந்தபடியே தங்காத்தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு தன் தம்பி பக்கம் திரும்பினார்.

"பொண்ணுப் பாக்க வந்தோம். பொண்ணே வந்து நம்மளைப் பாத்துருச்சு. இனி உள்ள போயி உக்காந்து என்னத்தப்பா பாக்கறது?"

தங்காத்தாளிடம் கையை நீட்டினார். "கையைப் புடி கண்ணு. நான் கொஞ்சம் கனம்."

இரண்டு நடையாகக் கரை சேர்ந்தோம். முதல் நடையில் அத்தையும் அவர் தம்பியும் என் மாமனாரும். இரண்டாவது நடையில் நானும் நாச்சம்மாளும் சென்னியப்பனும் செத்த இன்ஜினும். படகைப் பாறையில் கட்டிப்போட்டு வந்தோம். வழியில் சென்னியப்பன், துடுப்பைத் தான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று தங்காத்தாளிடம் கேட்டான். கையில் எண்ணெயாக இருக்கிறது, முதலில் கழுவுங்கள் என்று அவள் சொன்னாள். அவன் பரிசலுக்கு வெளியே கையை நீட்டி, கரை வந்து சேருகிற வரை கழுவிக்கொண்டே வந்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நாச்சம்மாளும் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் ரசம் ஊற்ற வந்த மாமியாரிடம் அத்தை, எனக்கு வேண்டாம், படகிலேயே வயிறு நிறைய மோந்தாயிற்று என்றார். முதலில் சிரித்தது என் மாமனார்தான். சாப்பிட்டு முடிவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ள நாள் குறித்துவிட்டார்கள்.

அந்த இன்ஜின் பிழைக்கவில்லை. சென்னியப்பன் அதைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் விரிசலை ஒட்டவைக்க ஒரு வருஷம் மன்றாடினான், முடியவில்லை. மாமனார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மில்லுக்குத் திரும்பியதும் தலைமை ஃபிட்டரிடம் போய், சுவருக்கு அந்தப் பக்கம் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். முதல் ஆறு மாதம் சாக்குத் துணியால் துடைக்க மட்டும் விட்டார். எட்டு வருஷம் கழித்து நானும் ஃபிட்டரானேன். அது தனிக் கதை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

தங்காத்தாள் கல்யாணத்தில் வந்த ஜனம் அத்தனைக்கும் அத்தை இந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு பந்தியிலும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பக்கத்தில் இன்ஜினீயர் மாப்பிள்ளை என்ற பேர் போய், படகு மாப்பிள்ளை என்று பேர் வந்தது. அப்புறம் படகு மாமா. இப்போது படகுத் தாத்தா. ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று கூப்பிடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

போன ஆவணியில் தங்காத்தாளின் பேத்திக்குக் கல்யாணம். புது மாப்பிள்ளை சென்னைப் பக்கம் படித்தவர், நல்ல பையன். பெரியவர்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தவரிடம், இவர்தான் படகுத் தாத்தா என்று யாரோ என்னைக் காட்டினார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் காலைத் தொட்டுவிட்டு, தாத்தா கப்பலில் வேலை பார்த்தவரா என்று ஆவலோடு கேட்டார்.

நான் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நாச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க கண்ணு," என்றாள். "அரை நாளு."